பதிவேடுகளைச் செப்பனிடும் காலமுறை: ஜமாபந்தி முதல் கணினித் தரவுத்தளம் வரை

ஒரே தகவல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதி வைக்கப்பட்டால், அந்தப் படிகள் நாளடைவில் ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கும். முரண்பட்டவற்றை ஒப்பிட்டு ஒன்றாக்கும் வேலை கணினித் துறையில் தரவுச் செப்பனிடல் எனப்படுகிறது. பயன்படுத்துவோர் கண்ணில் படாமல், அன்றாடப் பணிக்கு இடையூறின்றி நடக்க வேண்டியது என்பதால் இது பின்னணிப் பணி. இதை எப்படிச் செய்வது என்பதற்குப் பல நல்ல வழிகள் கண்டறியப்பட்டுவிட்டன. எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது என்பதில்தான் இன்றும் பொறியாளர்கள் தடுமாறுகின்றனர்.

இந்தக் கேள்வி கணினியோடு பிறந்ததன்று. விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டங்களில் நிலக்கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளைகளும் அவர்களைத் தணிக்கை செய்த அதிகாரிகளும் இதே கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாக விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடையும், அது தவறிய இடங்களும், கணினி மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு.

படிகள் ஏன் முரண்படுகின்றன

ஒரு புன்செய்த் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் விவரம் கிராமத்தில் 'அ' பதிவேட்டிலும் சிட்டாவிலும் அடங்கலிலும் இருக்கும். அவற்றின் படி வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். புலப்படம் நில அளவைப் பிரிவிடம் இருக்கும். நிலத்தை விற்றால் பத்திரம் பதிவாவது சார்பதிவாளர் அலுவலகத்தில். அது வேறு துறை. ஆகவே பத்திரம் வாங்கியவர் பெயரிலும் பட்டா விற்றவர் பெயரிலும் பல ஆண்டுகள் இருப்பது தமிழ்நாட்டில் புதுமையான செய்தியே அல்ல. இதில் யாரும் பொய் எழுதவில்லை. ஓரிடத்தில் நிகழ்ந்த மாற்றம் இன்னோரிடத்தை எட்டவில்லை, அவ்வளவுதான்.

நிர்வாக எல்லை மாறும்போதும் இது நேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் முதலில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. 1985-இல் காமராஜர் மாவட்டத்துக்கு வந்தது. அம்மாவட்டமே 1997-இல் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. இடையில் இராஜபாளையம் தனி வட்டமாகப் பிரிந்தது. பிற்காலத்தில் வத்திராயிருப்பும் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையின்போதும் கட்டுக்கட்டாகப் பதிவேடுகள் படியெடுக்கப்பட்டன, வண்டியேறின, புது அலமாரிகளில் அடுக்கப்பட்டன. கையால் எழுதிய காலத்தில் '3' என்பது '8' ஆவதற்கு ஒரு மங்கலான மை போதும்.

எண்பத்தைந்து ஆண்டும் முப்பது ஆண்டும்

பழங்காலத்தில் நிலக்கணக்கை முழுவதுமாகச் சரிபார்ப்பது அரிதான நிகழ்ச்சி. முதலாம் இராஜராஜன் காலத்தில், சுமார் 1001-இல், சோழ நாட்டில் பெரும் நில அளவை நடந்தது. அடுத்த பெரிய அளவை முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086-இல் நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அதே 1086-இல்தான் இங்கிலாந்திலும் டூம்ஸ்டே எனப்படும் நிலக் கணக்கெடுப்பு நடந்தது என்பது வியப்பான ஒற்றுமை. முழு அளவைக்கும் முழு அளவைக்கும் இடையே எண்பத்தைந்து ஆண்டுகள். அதாவது மூன்று தலைமுறைகள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இடைவெளி குறைந்தது. தாமஸ் மன்றோ வலியுறுத்திய இரயத்துவாரி முறையில், ஒவ்வொரு குடியானவரும் அரசோடு நேரடிக் கணக்கு வைத்திருந்தார். ஊருக்கு ஒரு கணக்கு என்றிருந்தால் ஊரார் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தலைக்கு ஒரு கணக்கு என்று ஆன பிறகு ஒவ்வொரு பிழையும் ஒரு குடும்பத்தின் வழக்காகிவிடும். எனவே சென்னை மாகாணத்தில் புல வாரியான அளவை தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையில் 1870-களில் பக்கிள் என்ற ஆங்கில அதிகாரி நிலவரித் திட்டத்தை வகுத்தார். தீர்வை முப்பது ஆண்டுகளுக்கு மாறாது. முப்பது ஆண்டு முடிந்ததும் மறுதீர்வை. மறுதீர்வைக்காக ஊர் ஊராகப் போகும்போது பழைய பதிவேட்டின் பிழைகளும் களையப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுதீர்வையின் நோக்கம் வரியை உயர்த்துவது. பதிவேட்டைத் திருத்துவது அதோடு ஒட்டிக்கொண்ட வேலை. இந்த ஒட்டு பின்னாளில் பெரும் சிக்கலுக்குக் காரணமாயிற்று.

ஆண்டுக்கு ஒருமுறை

முப்பது ஆண்டு வேலைக்கு இடையில் ஆண்டு வேலை ஒன்று இருந்தது. அதுதான் ஜமாபந்தி. இன்றைய அரசுத் தமிழில் வருவாய்த் தீர்வாயம். தொடக்கத்தில் அந்த ஆண்டு விளைச்சலைப் பார்த்து, தள்ளுபடி போக, ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய தொகையை முடிவுசெய்வதே ஜமாபந்தி. நாளடைவில் கிராமக் கணக்கு முழுவதையும் தணிக்கை செய்யும் நிகழ்ச்சியாக வளர்ந்தது.

ஜமாபந்தியின் ஆண்டு பசலி ஆண்டு. ஜூலை 1 தொடங்கி ஜூன் 30-இல் முடியும். முகலாயர் ஆட்சியில் அறுவடையை ஒட்டி உருவான இந்தக் கணக்கு, சென்னை மாகாணத்தில் முன்பு ஆடி மாதப் பிறப்போடு தொடங்கியது. 1855-இல் ஜூலை 1 என நிலைபெற்றது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. பசலி முடிவதற்கு முன், மே, ஜூன் மாதங்களில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி கூடுகிறது. மாவட்ட ஆட்சியரோ, மாவட்ட வருவாய் அலுவலரோ, கோட்டாட்சியரோ, அந்த நிலையிலுள்ள வேறு அலுவலரோ வட்டத்துக்கு ஒருவராகத் தீர்வாய அலுவலராக இருப்பார். குறுவட்டம் குறுவட்டமாக நாள் ஒதுக்கப்படும். இராஜபாளையம் வட்டம் என்றால் சேத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு நாள், கீழராஜகுலராமன் பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு நாள் என்று முறை வரும். கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் கணக்குகளைக் கொண்டு வந்து வைக்க, வட்ட அலுவலகப் படியோடு அவை ஒப்பிடப்படும். பட்டா மாறுதல், உட்பிரிவு, முதியோர் உதவித்தொகை என மக்கள் மனுக்களும் அன்றே பெறப்படும். நிறைவு நாளில் குடிகள் மாநாடு நடக்கும்.

எல்லா ஊரையும் ஒரே நாளில் அழைப்பதில்லை என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரே நாளில் அழைத்தால் வட்ட அலுவலகத்தின் அன்றாட வேலை நின்றுபோகும். பிரித்து அழைத்தால் ஒரு பக்கம் தணிக்கையும் மறுபக்கம் அன்றாட வேலையும் நடக்கும். இன்றைய தரவுத்தள நிர்வாகிகள் இதே காரணத்துக்காகத்தான் தரவைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செப்பனிடுகிறார்கள்.

ஜமாபந்தியில் இன்னொரு வழக்கமும் உண்டு. நிலம் அளக்கும் சங்கிலியையும் மேசைமேல் வைத்துச் சரிபார்ப்பார்கள். பலமுறை இழுபட்ட சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலம் குறைவாகத் தெரியும். கணக்கைத் திருத்தும் முன் அளவுகோலைத் திருத்து என்பதை ஆண்டு வழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

ஆண்டுத் தணிக்கைக்குக் கீழே அடிக்கடி நடக்கும் சிறு தணிக்கைகளும் இருந்தன. அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம அலுவலர் நேரில் பார்த்து மாதந்தோறும் எழுத வேண்டும். வருவாய் ஆய்வாளர் அதில் ஒரு பகுதியை நேரில் போய்ப் பார்ப்பார். வட்டாட்சியர் அதைவிடச் சிறு பகுதியைப் பார்ப்பார். இந்தப் பயிராய்வுக்கு அஜ்மாயிஷ் என்று பெயர். ஆக, பருவத்துக்குப் பருவம் மாறும் பயிர் விவரத்துக்கு மாதத் திருத்தம். எப்போதாவது மாறும் உடைமை விவரத்துக்கு ஆண்டுத் திருத்தம். மாறவே மாறாத எல்லைக் கற்களுக்கு முப்பது ஆண்டுத் திருத்தம். எது எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அதற்கேற்ற இடைவெளி. யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து வகுத்ததன்று, அனுபவத்தில் படிந்தது. ஆனாலும் இதைவிடத் தெளிவான அட்டவணையைப் பல மென்பொருள் நிறுவனங்களில் காண முடியாது.

எழுபது ஆண்டு இடைவெளியும் அதன் விலையும்

தென் மாவட்டங்களில் மறுதீர்வை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. முறைப்படி அடுத்தது 1940-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆனால் 1930-களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு மறுதீர்வைக் கொள்கையையே கைவிட்டது. விலைவாசி வீழ்ச்சியால் நொந்திருந்த உழவர்களுக்கு அது நல்ல செய்தி. வரி உயராது. ஆனால் வரியோடு ஒட்டியிருந்த பதிவேட்டுத் திருத்தமும் சேர்ந்தே நின்றுபோயிற்று. அதைத் தனியே தொடர வேண்டும் என்று யாரும் பெரிதாக வாதாடியதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே ஜமீன் ஒழிப்பு வந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது இயற்றப்பட்டது. அவருக்குப் பின் 1949 முதல் 1952 வரை முதல்வராக இருந்தவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா, சட்டம் செயலுக்கு வரத் தொடங்கியது அவர் காலத்தில். சேத்தூர் போன்ற ஜமீன் ஊர்களில் அதுவரை குடிகளிடம் வரி தண்டியது ஜமீன். அரசுக்கு ஜமீன் செலுத்தியது பேஷ்குஷ் என்ற மொத்தத் தொகை. அந்த ஊர்கள் இரயத்துவாரிக்கு மாறியபோது அவற்றுக்குப் புதிதாக அளவையும் பதிவேடும் தேவைப்பட்டன. ஆக ஒரே வட்டத்தில், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முறையில் எழுதப்பட்ட கணக்குகள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நிலவின.

ஆண்டுதோறும் ஜமாபந்தி தொடர்ந்து நடந்தது என்பது உண்மை. ஆனால் ஜமாபந்தி ஒரு படியை இன்னொரு படியோடு ஒப்பிடும். இரண்டு படியுமே களத்திலிருந்து விலகிப்போயிருந்தால் அதனால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் பொருந்துகின்றன என்று கையெழுத்தாகிவிடும். தாத்தா பெயரில் பட்டா, பேரன் உழுகிறார், இரு பதிவேடும் தாத்தா பெயரையே காட்டுகின்றன என்றால் கணக்கு 'சரி'.

இந்தக் குவியலைத் தீர்க்க வந்ததுதான் யு.டி.ஆர். என்று மக்கள் பேச்சில் வழங்கும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979-இல் தொடங்கி 1987 வரை மாநிலம் முழுவதும் நடந்தது. இன்று கையிலிருக்கும் பட்டாக்கள் பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் எழுதியவற்றிலிருந்து வந்தவை. ஏக்கர், சென்ட் என்றிருந்த கணக்கு ஹெக்டேர், ஏர் என்று மாறியதும் அதில்தான்.

திட்டத்தின் நடுவில் ஒரு திருப்பம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. கர்ணம், மணியம் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982-இல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். பரம்பரை முறை ஒழிய வேண்டியதே. ஊர்க்கணக்கு ஒரு வீட்டுச் சொத்தாக இருந்ததால் நேர்ந்த கொடுமைகள் கொஞ்சமல்ல. ஆயினும் எந்தப் புலம் யாருக்கு எப்படிப் போனது என்ற நினைவும் அவர்களோடு போயிற்று. எழுத்தில் இல்லாத மூன்றாவது படி அது.

எழுபது ஆண்டுத் திருத்தத்தை எட்டு ஆண்டில் முடித்ததன் விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. பழைய பிழைகள் ஏராளமாகத் தீர்ந்தன. புதிய பிழைகளும் புகுந்தன. பெயர் மாறியவை, பரப்பு குறைந்தவை, பக்கத்து எண்ணோடு கலந்தவை என்று. இவற்றைத் திருத்தக் கோரும் மனுக்கள் நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போய்க்கொண்டிருக்கின்றன. நீண்ட இடைவெளிக்குப் பின் நடக்கும் பெரும் திருத்தம் தானே ஒரு பிழை மூலமாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கணினியில் அதே கேள்வி

கணினியில் குறித்த நேரத்துக்கு ஒரு வேலையைத் தானே தொடங்கும் வசதி யூனிக்ஸ் இயங்குதளத்தின் 'கிரான்' என்ற நிரலால் பரவலாயிற்று. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. இடைவெளியை ஒரு வரியில் எழுதிவிடலாம். என்ன எழுதுவது என்பது வேறு கேள்வி. லினக்ஸின் பழைய கோப்பு முறைமைகள், இத்தனை முறை இயக்கினால் ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தம்மை முழுவதும் சோதித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டன. அவசர வேலையாகக் கணினியைத் திறந்தவர்கள் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்ததால் பலர் அதை நிறுத்தி வைத்தனர். பின்னர் அந்தக் காலமுறைச் சோதனை இயல்பமைப்பிலிருந்தே நீக்கப்பட்டது. டெபியன் லினக்ஸில், ஒரே தரவை இரு வட்டுகளில் வைக்கும் அமைப்புகளை மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் ஒப்பிடும் வழக்கம் மட்டும் நிலைத்தது. யாரையும் காக்க வைக்காத நேரம் என்பதே அதன் ஆயுளுக்குக் காரணம்.

இந்த வரலாற்றில் முக்கியமான இடம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்துக்கு உண்டு. அந்நிறுவனத்தின் உலகளாவிய வலைப்பின்னலில் பெயர், முகவரி விவரங்களைக் காத்த 'கிளியரிங்ஹவுஸ்' என்ற அமைப்பு பல சர்வர்களில் படிகளை வைத்திருந்தது. படிகளை ஒன்றாக்க, ஒவ்வொரு சர்வரும் நாளுக்கு ஒருமுறை, நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில், இன்னொரு சர்வரோடு தன் கணக்கை ஒப்பிட்டது. வேறுபாடு கண்டால் சரியான விவரத்தை எல்லாச் சர்வர்களுக்கும் அஞ்சலாக அனுப்பியது. முந்நூறு சர்வர்களில் படி இருக்கும் ஒரு பகுதியில், முந்நூறும் வேறுபாடு கண்டு ஒவ்வொன்றும் முந்நூறு அஞ்சல் அனுப்பினால் ஓரிரவில் 90,000 அஞ்சல்கள். வலைப்பின்னல் திணறியது. கடைசியில் அந்த அஞ்சல் படியை நீக்கினார்கள். இந்த அனுபவத்தை ஆலன் டெமர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பல சர்வர்களில் படி வைக்கும் தரவுத்தளங்களைப் பற்றிப் படிக்கும் எவரும் இன்றும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடிக்கடி திருத்துவதாலும் அமைப்பு படுக்கும் என்பதை எண்களோடு காட்டியது அது.

இறந்தவர் திரும்பி வருதல்

அதே கட்டுரை இன்னொரு சிக்கலையும் விளக்குகிறது. ஒரு பெயரை ஒரு சர்வரில் நீக்கியாயிற்று. இன்னொரு சர்வரில் அது இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடும் நிரலுக்கு என்ன தெரியும்? 'இங்கே இல்லை, அங்கே இருக்கிறது. இங்கே வந்து சேரவில்லை போலும்' என்று எண்ணி, நீக்கிய பெயரை மீண்டும் எழுதிவிடும். இதைத் தடுக்க, நீக்கிய இடத்தில் 'இது நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பை விட்டுவைக்க வேண்டும். அந்த ஆய்வாளர்கள் அக்குறிப்புக்கு வைத்த பெயர் 'இறப்புச் சான்றிதழ்'. வருவாய்த் துறையின் மேசையிலிருந்தே எடுத்தது போன்ற சொல்.

சான்றிதழ்களை என்றென்றும் வைத்திருந்தால் இடம் நிரம்பிவிடும். குறிப்பிட்ட நாளுக்குப் பின் அழித்தாக வேண்டும். அழிப்பதற்குள் எல்லாப் படிகளுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் காலமுறை விருப்பம் என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்கு வருகிறது.

2008-இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட 'கசாண்ட்ரா' தரவுத்தளத்தில் இதைத் துல்லியமாகக் காணலாம். அதை உருவாக்கிய அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக் இருவரில் முன்னவர், அமேசான் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'டைனமோ' ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். கசாண்ட்ராவில் நீக்கல் குறிப்புக்குக் கல்லறைக்கல் என்று பொருள்படும் பெயர். தமிழில் நடுகல் என்றே சொல்லிவிடலாம். அது இயல்பாக 8,64,000 நொடிகள், அதாவது பத்து நாள் நிற்கும். அதற்குள் ஒவ்வொரு படியும் ஒருமுறையேனும் செப்பனிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் நீக்கிய தரவு உயிர்த்தெழும். வாடிக்கையாளர் மூடிய கணக்கு திறந்திருப்பதாகக் காட்டும்.

பத்து நாள் என்றதும் ஒன்பது நாளுக்கு ஒருமுறை ஓட்டினால் போதும் என்று எண்ணத் தோன்றும். மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செப்பனிடும் வேலை முடிய நான்கு நாள் ஆகிறது; ஏழு நாளுக்கு ஒருமுறை தொடங்குகிறது. முதல் சுற்றின் முதல் நாளிலேயே ஒரு பகுதி பார்க்கப்பட்டது. இரண்டாம் சுற்றில் அதே பகுதி கடைசியாகப் பார்க்கப்பட்டது. இடைவெளி ஏழும் நான்கும் பதினொன்று. பத்து நாள் வரம்பு தாண்டிவிட்டது, அட்டவணையில் எந்தப் பிழையும் தெரியாமலேயே. இடையில் ஒரு சுற்று தோல்வியுற்றால் நிலைமை இன்னும் மோசம்.

அதற்காக எப்போதும் ஓட்டிக்கொண்டே இருக்கவும் முடியாது. படிகளை ஒப்பிட, தரவு முழுவதையும் வட்டிலிருந்து படித்துச் சுருக்கக் குறியீடுகளாக மாற்ற வேண்டும். பகல் நேரத்தில் அது ஓடினால் வாடிக்கையாளரின் வேலை தாமதமாகும். ஸ்பாட்டிஃபை நிறுவனம் இதற்கென உருவாக்கிய 'ரீப்பர்' என்ற கருவி, தரவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு முடிந்ததும் சிறிது ஓய்வு விட்டு அடுத்ததை எடுக்கிறது. வேலைக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதத்தை நிர்வாகியே அமைக்கலாம். துண்டு ஒன்று தோற்றால் அதை மட்டும் மீண்டும் எடுக்கும். முன்பே சரிபார்த்ததை விட்டுப் புதிதாக வந்ததை மட்டும் பார்க்கும் முறை கசாண்ட்ராவில் 2014-இல் வந்தது. அதுவும் தொடக்கத்தில் குறைகளோடே வந்தது. 2021-இல் வெளியான நான்காம் பதிப்பில்தான் பெரிதும் சீரானது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இரு படிகள் முரண்பட்டால், கடைசியாக எழுதப்பட்டதே சரி என்று கசாண்ட்ரா முடிவுசெய்கிறது. நிலக்கணக்கில் அப்படி முடிவுசெய்ய முடியாது. ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. ஊராட்சிப் பகுதியில் அதைப் பதிபவர் கிராம நிர்வாக அலுவலர். சிட்டாவை வைத்திருப்பவரும் அவரே. ஒரு பதிவேட்டில் இறந்தவராக எழுதப்பட்டவர், அதே மேசையில் உள்ள இன்னொரு பதிவேட்டில் நில உரிமையாளராகத் தொடர்கிறார். சோம்பல் அன்று காரணம். யார் வாரிசு என்பதை அலுவலர் தாமாக முடிவுசெய்ய முடியாது. வாரிசுகள் மனுச் செய்ய வேண்டும், மறுப்பு இருந்தால் கேட்க வேண்டும். தானாக நடக்கும் திருத்தம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எல்லை அது. அந்த எல்லையில் நிற்கும் குடும்பங்களுக்குத்தான் இழப்பு. பட்டா தம் பெயரில் இல்லாதவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கடினம்; வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணத்துக்கும் அலைய வேண்டும்.

வாக்காளர் பட்டியல் ஓர் ஒப்பீடு

இதே இரு வட்டங்களை மையமாகக் கொண்ட இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதிகள், தென்காசி மக்களவைத் தொகுதியில் அடங்குபவை. வாக்காளர் பட்டியலுக்கும் சிறு திருத்தம், பெரும் திருத்தம் என இருவகை உண்டு. ஆண்டுதோறும் நடப்பது சுருக்கத் திருத்தம். பதினெட்டு வயது நிறைவைக் கணக்கிடும் தகுதி நாள் முன்பு ஜனவரி 1 மட்டுமே; 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், 2022 ஆகஸ்ட் முதல், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்காயிற்று. பிப்ரவரியில் பிறந்த இளைஞர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த நிலை இதனால் மாறியது.

வீடுவீடாகப் போகும் தீவிரத் திருத்தம் அப்படியல்ல. தமிழகத்தில் 2002, 2005 ஆண்டுகளுக்குப் பின் அது 2025 நவம்பரில்தான் மீண்டும் நடந்தது. டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் முன்பிருந்த பெயர்களில் 97 லட்சத்துக்கும் மேற்பட்டவை இல்லை. இறந்தவர், இடம் பெயர்ந்தவர், இருமுறை பதிவானவர் என்று காரணம் சொல்லப்பட்டது. தகுதியுள்ளவர் பெயரும் விடுபடும் என்ற அச்சம் அரசியல் கட்சிகளாலும் மக்களாலும் எழுப்பப்பட்டது. இருபது ஆண்டுச் சுமையைச் சில வாரங்களில் இறக்கும்போது இரண்டுமே ஒருங்கே நிகழ இடமுண்டு என்பதை யு.டி.ஆர். காலத்தை அறிந்தவர்கள் எளிதில் உணர்வார்கள்.

தமிழ்நிலத்துக்குப் பின்

நிலக்கணக்கு இப்போது 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளில் இருக்கிறது. பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாவற்றையும் இணையத்தில் பார்க்கலாம். பதிவுத்துறை 2018-இல் 'ஸ்டார் 2.0' மென்பொருளுக்கு மாறிய பின் இரு துறைகளும் கணினி வழி இணைந்தன. உட்பிரிவு தேவைப்படாத முழுப் புல விற்பனையில், பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் ஏற்பாடு வந்தது. காலமுறைக்குக் காத்திராமல், மாற்றம் நிகழும் கணத்திலேயே மற்றப் படியையும் திருத்துவது இது. உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவர் களத்துக்குப் போக வேண்டும். அங்கே பழைய வேகமே.

இந்த இணைப்பு வந்ததால் ஜமாபந்தி தேவையற்றதாகவில்லை. தானாக மாறும் பட்டா, முந்தைய பட்டா சரியாக இருந்தது என்ற நம்பிக்கையில் மாறுகிறது. அது 1980-களிலேயே தவறாக எழுதப்பட்டிருந்தால், தவறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நொடியில் போய்ச் சேரும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் மே மாதம் பிறந்தால் ஜமாபந்தி அறிவிப்பு இன்னும் வருகிறது. மல்லியிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும், தேவதானத்திலிருந்தும் முகவூரிலிருந்தும் மக்கள் மனுவோடு வருகிறார்கள். மூலப்பத்திரம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய பட்டாவின் மடிப்பு கிழிந்த நகல் எல்லாம் ஒரு நெகிழிப் பைக்குள் இருக்கும். தங்கள் குறுவட்டத்துக்குக் குறித்த நாளில் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜூலை 1 அன்று அடுத்த பசலி தொடங்கும்.